திசை தெரியாமல் சுற்றிய விமானம்

எங்கள் வீட்டு ரேடியோ ஊமையாகிப்போன வாரத்தில்தான் நான் முதன்முதலாக ஒரு விமானத்தைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால் அப்போது சிரித்திருப்பேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கோயமுத்தூர்ப் பக்கம் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு பள்ளியில் மெக்கானிக். விமானம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் ஒட்டி உட்காரலாம், அவ்வளவுதான். அங்கிருந்த விமானங்களின் சீட் உறைகள் கிழிந்தபோது, புது உறை தைக்கும் வேலையை மாமா அடம்பிடித்து அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தார். முதலில் ஒரு விமானத்துக்கு. பிடித்திருந்தால் மற்றவற்றுக்கும் என்று பேச்சு.

அந்த வேலை அப்பாவுக்கு எவ்வளவு முக்கியம் என்பது நாலாம் வகுப்பு படித்த எனக்கே தெரியும். மங்கலம் ரோட்டில் குழந்தைகளுக்கான பனியன் துணி தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி வைத்திருந்தவர் அவர். எங்கள் ஊர்க் கம்பெனிகளில் ஒரு சட்டம் உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்திவிட வேண்டும். துண்டுகளைத் தேடி எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முழு ஊசி சேர்ந்தால்தான் புது ஊசி. ஒருமுறை அப்பாவின் கம்பெனியில் ஒரு முனை கிடைக்கவில்லை. அவசரத்தில் யாரோ விட்டுவிட்டார்கள். அது ஒரு குழந்தைச் சட்டையோடு கடல் தாண்டிப் போய் அங்கே அகப்பட்டது. சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது, கம்பெனி போயே போய்விட்டது. மிஞ்சிய இரண்டு மெஷின்கள் எங்கள் முன்னறைக்கு வந்து சேர்ந்தன. அப்பா பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

புது உறை மாட்டிய விமானத்தைக் காட்ட மாமா அப்பாவையும் என்னையும் கூட்டிப் போனார். அதில் புதிதாக ஓர் எலக்ட்ரானிக் திசைகாட்டியையும் மாமா பொருத்தியிருந்தார். அதைச் சரிபார்க்கும் நாள் அது.

"தரையிலயே வட்டமாச் சுத்தி, ஒவ்வொரு திசையிலயும் நிறுத்திக் காட்டோணும் கண்ணு. சீட்டுக்குப் பின்னால இருக்கற பொட்டி, பூமியோட காந்தத்தை மோந்து பாத்துத் திசை சொல்லும். பக்கத்துல இரும்போ காந்தமோ இருந்துச்சுன்னா அதுக்குக் கிறுக்குப் புடிச்சுரும்."

சொல்லிவிட்டுத் தன் தொப்பியைக் கழற்றி நீட்டினார். என் தலை ஸ்லைடுகள், சாவிக்கொத்து, அப்பாவின் பெல்ட், சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் நூல் வெட்டும் டிரிம்மர் எல்லாம் தொப்பிக்குள் போயின. அப்பா தன் பர்ஸையும் வைத்தார்.

"பர்ஸுலயும் இரும்புங்களா மச்சான்?" என்று மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அவர் முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

மாமாவுக்கு மேலதிகாரியான இன்ஜினியர்தான் தினமும் விமானங்களை ஓட்டிச் சோதிப்பவர்; அவர் ஏறி உட்கார்ந்து விமானத்தை மெல்ல வட்டமடித்தார். நின்றது, திரும்பியது, நின்றது. முடிவில் திசைகாட்டியின் திரை 'தேறவில்லை' என்றது. விமானம் நிறுத்தும் கொட்டகையின் இரும்பு செய்யும் வேலையாக இருக்கும் என்று இன்னும் தள்ளிக் கொண்டுபோனார்கள். ஜீப்பை ஓரங்கட்டினார்கள். மறுபடியும் தேறவில்லை. விமானத்தின் மூக்கு வடக்கே இருக்க, தெற்கே பார்த்து நிற்கிறேன் என்றது அந்தப் பெட்டி. பரீட்சையில் நானே அதைவிடத் தேவலாம்.

இன்ஜினியர் இறங்கினார். "நீ மாட்டுன லட்சணம்தான்யா இது. கழட்டித் திருப்பி அனுப்பு. உன்னை நம்பிக் குடுத்தேன் பாரு," என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் அப்பா முன்னால் வந்தார். "ஏனுங்க சார், அவரு மேல தப்பு இல்லீங்க. சீட்டுக்குள்ள காந்தம் இருக்குதுங்க. நான்தான் வெச்சேன்."

தைக்கும்போது ஊசி உடைந்து முனை பஞ்சு மெத்தைக்குள் போய்விட்டதாம். கையால் தேடியும், மேலே காந்தத்தை ஓட்டியும் வரவில்லையாம். "ஓட்டறவங்களுக்குக் குத்திருமோன்னு பயமுங்க. எங்க வீட்டு ரேடியோவைப் பிரிச்சு, ஸ்பீக்கர் காந்தத்தை உள்ள வெச்சுத் தெச்சுட்டேன். குலுங்கக் குலுங்க முனை அதுல போய் ஒட்டிக்கும்னு நெனச்சனுங்க."

மாமா சட்டென்று குறுக்கே வந்தார். "நான்தானுங்க சார் வெக்கச் சொன்னேன்."

"இல்லீங்க, அவருக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

பஸ்ஸில் டிக்கெட் எடுக்க எங்கள் சொந்தக்காரர்கள் அடித்துக்கொள்வதைப்போல இருவரும் திட்டு வாங்க அடித்துக்கொண்டார்கள். எனக்கு அப்பா மேல்தான் கோபம். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கையில் இருந்த ஒரே வேலையும் போச்சு என்று அழுகை வந்தது.

"பிரிங்க," என்றார் இன்ஜினியர்.

அப்பா தொப்பியிலிருந்து டிரிம்மரை எடுத்துத் தையலைப் பிரித்தார். உளுந்து வடைபோல நடுவில் ஓட்டையோடு காந்தம் வெளியே வந்தது. அதன் விளிம்பில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவில், ஊசிமுனை ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்ஜினியர் அதை நகத்தால் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். அதை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். "தெனமும் இதுல உக்கார்றவன் நான்தாங்க," என்றார் அப்பாவிடம். பிறகு மாமா பக்கம் திரும்பி, "மத்த சீட்டுகளோட அளவும் எடுத்துக் குடுத்துரு. இனிமே என்ன உடைஞ்சாலும் முதல்ல எங்கிட்டச் சொல்லச் சொல்லு," என்றார்.

காந்தமில்லாத விமானம் அடுத்த சுற்றிலேயே தேறியது.

அந்த சீட் உறைகளில் தொடங்கித்தான் எங்கள் வீடு மறுபடி தலைநிமிர்ந்தது. நான் படித்த படிப்பெல்லாம் அதில் வந்ததுதான். அந்த வேலையை வாங்கிக் கொடுத்த மாமாவுக்கும், வேலை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்த அப்பாவுக்கும் நான் எத்தனை கும்பிடு போட்டாலும் தீராது.

திரும்பும்போது பஸ்ஸில் மாமா டிக்கெட் எடுத்தார். அன்றைக்கு அப்பா சண்டை போடவில்லை. அவிநாசி தாண்டியதும் பர்ஸைத் திறந்து, காகிதத்தில் மடித்த எதையோ எடுத்தார். உடைந்த ஊசியின் மேல்பாதி. அத்தனை நாளும் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். உள்ளங்கையில் அதை வைத்து, கீழே அந்த முனையைச் சேர்த்தார். இடைவெளி இல்லாமல் பொருந்தியது. பார்த்துக்கொண்டே இருந்தவரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குத்திருச்சுங்களாப்பா?"

"இல்ல கண்ணு. முழுசா இருக்குது."

நான் நம்பவில்லை. அவர் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, எங்கே ரத்தம் வருகிறது என்று ஊர் வரும்வரை தேடிக்கொண்டிருந்தேன்.