பேயைப் பார்த்த அண்ணனும் திரும்பிப் பார்க்காத நானும்

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினருக்கும் தோட்டத்துச் சனங்களுக்கும் என் வணக்கம். இறந்தவரின் பெருமைகளை எழுதுவதுதான் இப்படிப்பட்ட மலர்களில் வழக்கம். ஆனால் அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது. பிறகு பேனாவை மூடி வைத்துவிடுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் வட்டகொடைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் பிறந்தார். அப்பா திருச்சிப் பக்கமிருந்து வந்தவர். அம்மாவின் முகம் எனக்கு ஞாபகத்தில் இல்லை. அப்பாவும் கண்ணை மூடியபோது அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்கு எட்டு. இலங்கைக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அது. விடிந்ததும் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அண்ணன் எனக்கு ரொட்டி சுட்டு வைத்துவிட்டுப் போவார். பாதி ரொட்டி கருகியிருக்கும். கேட்டால், “கருகுனதுதாண்டா ஒடம்புக்கு நல்லது” என்பார். சுத்தப் பொய். இருந்தும் நான் வளர்ந்துவிட்டேன்.

அண்ணன் குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். அவருக்கிருந்த ஒரே பைத்தியம் படம் பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு ரயில் பாதையோரமாகவே நடந்து தலவாக்கலைக்குப் போவோம். காதல் படத்துக்கும் சண்டைப் படத்துக்கும் அண்ணன் அசைய மாட்டார். இரண்டு பேர் சேர்ந்து சிரிப்புக் காட்டும் படமாக இருக்க வேண்டும். அந்த இரண்டு பேரும் பாழடைந்த பங்களாவுக்குள் பேயிடம் மாட்டிக்கொண்டார்கள் என்றால், அடைமழையிலும் கிளம்பிவிடுவார். குண்டன் ஒருவன், ஒல்லி ஒருவன். பேய் எப்போதும் ஒல்லியின் முதுகுக்குப் பின்னால்தான் வந்து நிற்கும். குண்டன் அதைப் பார்த்துவிட்டு நடுங்குவான். ஒல்லி திரும்பவே மாட்டான். சில படங்கள் இங்கிலீஷில் இருக்கும். எங்கள் இருவருக்கும் ஒரு சொல்லும் புரியாது. “பயத்துக்கு என்னடா பாஷை?” என்று சொல்லி, கண்ணில் நீர் வர அண்ணன் சிரிப்பார்.

அதை நாங்கள் லயத்து வாசலில் ஆடிக் காட்டினோம். தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் எங்கள் ஆட்டம் இல்லாமல் இருக்காது. எங்கள் இருவர் உடம்பிலும் குண்டன் வேஷத்துக்கு வேண்டிய சதை கிடையாது. அதனால் அண்ணன் வயிற்றில் சாக்கைச் சுருட்டிக் கட்டிக்கொள்வார். மழைக்கும் குளிருக்கும் நாங்கள் போர்த்தும் கறுப்புக் கம்பளிதான் பேய். அதை ஒரு கம்பில் மாட்டி என் பின்னால் நிறுத்துவோம். அண்ணனுக்குக் கல்யாணமான பிறகு, மறைவில் உட்கார்ந்து கயிறு இழுத்துப் பேயை ஆட்டியவர் எங்கள் அண்ணி. அண்ணன் முழங்கால் தட்டத் தட்ட, தொண்டை அடைத்த குரலில், “தம்பி… பின்னால…” என்பார். நான் திரும்பாமல், “காத்துண்ணே, வெறும் காத்து” என்பேன். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை கூப்பிடும்போதுதான் நான் திரும்ப வேண்டும். திரும்பியதும் இருவரும் அலறியடித்து ஓட வேண்டும். அதற்கு முன் திரும்பினால் ஆட்டம் கெட்டது என்று அண்ணன் தலையில் குட்டுவார். சனங்களுக்கு இது மனப்பாடம். நான் வாயைத் திறக்குமுன் பிள்ளைகள் ஒன்றாகக் கத்துவார்கள், “வெறும் காத்து!”

அண்ணன் பட்ட துன்பங்களைச் சொல்லாமல் விடக்கூடாது. முதற்பிள்ளை தொட்டிலிலேயே போயிற்று. பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்தார். அப்பா இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். அங்கேயாவது எங்கள் பேர் இருக்குமா என்று இந்தியாவுக்கு எழுதிக் கேட்டோம், பதிலே இல்லை. அன்றைக்கு அண்ணன் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு அடுப்படியில் வந்து நின்றார். “அந்த நாட்டுலயும் பேரு இல்ல, இந்த நாட்டுலயும் பேரு இல்ல. அப்ப நாமதாண்டா பேயி” என்றார். அண்ணி சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணன் வெகுநேரம் கம்பளியை எடுக்கவில்லை.

இனி அந்த நாளைப் பற்றி.

அன்றைக்கு ஆண்களுக்குக் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக்கொண்டு நிரை நிரையாக ஏறிக்கொண்டிருந்தோம். கீழ் மலையில் பெண்கள் கொழுந்தெடுத்தார்கள். பனி விலகி வெயில் வந்ததும் நான் கம்பளியைக் கழற்றி அடி நிரையில் போட்டுவிட்டேன். அண்ணன் கழற்றவில்லை. எனக்கு முன்னே ஏறியவர், கத்தியைத் தீட்டக் கீழ்ப்பக்கமாகத் திரும்பி நின்றார். எனக்குப் பின்னால் இருந்த மரத்தில் குளவிக் கூடு கலைந்ததை அவர் ஒருவர்தான் பார்த்தார்.

தோட்டத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும், குளவி கலைந்தால் சத்தம் போடக்கூடாது. ஓடவும் கூடாது. கம்பளியால் மூடிக்கொண்டு தரையோடு படுத்துவிட வேண்டும். ‘குளவி’ என்று அண்ணன் ஒரு சத்தம் போட்டிருந்தால் கீழ் மலைப் பெண்கள் கூடையோடு சரிவில் ஓடியிருப்பார்கள். குளவி அவர்களைத் துரத்தியிருக்கும். அதனால் அவர் தொண்டையை அடக்கிக்கொண்டு சொன்னார்:

“தம்பி… பின்னால…”

நிரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வேலையை மேற்பார்த்து நின்ற கங்காணியும் சிரித்தார். எனக்குக் குஷி தாங்கவில்லை. செடியை வெட்டிக்கொண்டே, “காத்துண்ணே, வெறும் காத்து” என்றேன்.

“டேய் தம்பி, பின்னால.” அவர் முழங்கால் நடுங்கியது. இவ்வளவு நன்றாக அவர் ஒருநாளும் நடித்ததில்லை என்று நினைத்தேன். ஐயோ, அப்படித்தான் நினைத்தேன்.

“வெறும் காத்துண்ணே!”

மூன்றாம் முறை அண்ணன் கூப்பிடவில்லை. பாய்ந்து வந்து என்னைச் செடிகளுக்கு நடுவில் தள்ளி, தன் கம்பளியை உருவி என்மேல் போட்டு மூடினார். அதன்மேல் தானும் படுத்துக்கொண்டார். அவரை மூட ஒன்றுமில்லை. கங்காணி கையைக் காட்ட, மற்றவர்கள் ஆளுக்காள் மூடிக்கொண்டு படுத்தார்கள். கீழ் மலையில் ஒரு பெண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அண்ணனின் உயிர் போய்விட்டது. மலையில் அண்ணன் விழுந்துவிட்டார் என்று லயத்துக்குச் செய்தி போனபோது அண்ணி, “வேல நேரத்துலயும் ஆரம்பிச்சிட்டாரா?” என்று கேட்டுச் சிரித்தாராம். அதைக் கேள்விப்பட்ட பிறகு எனக்கு அண்ணியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அண்ணனைத் தோளில் சுமந்த நிரைத் தோழர்களுக்கும், பாடை கட்டிய மாமன்மாருக்கும், தப்படித்த ஐயாமாருக்கும், எட்டாம் நாள் வரை எங்கள் அடுப்பை எரிய வைத்த அக்காமாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. இதைப் பிழை திருத்திய தோட்டப் பள்ளிக்கூட மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். முழுவதையும் இரண்டு தரம் வாசித்தார். “தம்பி, இதெல்லாம் எழுதத்தான் வேணுமே? சனம் உம்மை என்ன நினைக்கும்?” என்று கேட்டார். “நெனைக்கட்டும் சேர். எழுதாட்டி அண்ணிகிட்ட நான் எப்படிங்க சொல்றது?” என்றேன். அவர் ஒரு வரியையும் வெட்டவில்லை. அவருக்கும் நன்றி.

அண்ணி, உங்களுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும் என்பதால்தான் இதை இப்படி எழுதினேன். “கடைசியா ஏதாச்சும் சொன்னாரா தம்பி?” என்று இந்த ஒரு வருஷமாக என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். “ஒண்ணும் சொல்லலீங்க அண்ணி” என்றே சொல்லி வந்தேன். சொன்னால் முழுவதையும் சொல்ல வேண்டும். நான் திரும்பாததையும் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில் உங்களிடம் பொய் சொன்னேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

அவர் சொன்னார் அண்ணி. கம்பளிக்குள் இருட்டில் நான், “என்னண்ணே அது, என்னண்ணே?” என்று அழுது எழும்பப் பார்த்தேன். ஒவ்வொரு கொட்டுக்கும் அவர் உடம்பு துள்ளுவது என் முதுகில் தெரிந்தது. என் தலையைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, காதோரமாக, என் வசனத்தை அவர் எனக்கே சொன்னார்:

“திரும்பாதடா. காத்துடா தம்பி, வெறும் காத்து.”