பஸ் ஊட்டுல எனக்கு எந்த எடம்

எங்க ஊட்டுக்காரருக்கு ஒரு யோசனை வந்துச்சுன்னா அது எங்க தலையிலதான் விடியும். தொண்ணூறுகளோட ஆரம்பத்துல வந்தது பஸ் யோசனை. பூந்தமல்லிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல ஓடி ஓய்ஞ்ச பஸ்ஸை விக்கப் போறாங்கன்னு அவரோட கூட்டாளி, சீட்டு தைக்கிற பாய் ஒருத்தரு, சேதி கொண்டாந்தாரு. எங்க ஊட்டுக்காரரு அம்பத்தூர்ல பஸ் பாடி கட்டுற பட்டறையில வெல்டர். கை சும்மா இருக்குமா? "சீட்டெல்லாம் கழட்டிட்டு கட்டிலு, அடுப்பு, தண்ணி டேங்கு வெச்சு ஊடாக்கிடலாம். அம்மாவக் காசிக்கு இட்டுக்கினு போலாம்"ன்னாரு.

என் மாமியாருக்குக் காசின்னா உயிரு. ஆனா வெளிச்சாப்பாட்ட வாயில வெக்க மாட்டாங்க. கல்யாணத்துக்குப் போனாக்கூட மோரக் குடிச்சிட்டு வந்துடுவாங்க. அதனாலயே அத்தினி வருஷமா போகல. பஸ்ஸுக்குள்ளயே சமையல்னு கேட்டதும் அவங்க மொகத்தப் பாக்கணுமே! மருமவ பொங்கிப் போட, மவன் வண்டி ஓட்ட, மகாராணியாட்டம் போலாம்ல.

எனக்கு வேற கவலை. பட்டாபிராம்ல எங்க ஊடு சின்னது. மாசத்துல அந்த மூணு நாளு, தூரம்னு சொல்வாங்களே, அப்ப நான் ஊட்டுக்குள்ள கால் வெக்கக் கூடாது. பின்னாடி ஒரு தகரக் கொட்டா. பழைய சைக்கிளு, விறகு, நடுவுல என் பாய். தட்டு தனி, டம்ளர் தனி. சித்திரையில மண்டை கொதிக்கும், ஐப்பசியில ஒழுகும். கல்யாணமாயி வந்ததுலருந்து நான் வாயத் தொறந்ததில்ல. ஆனா மூத்தவளுக்குப் பதினொண்ணு முடியப் போவுது. இன்னிக்கோ நாளைக்கோ. அவளையும் அங்கதான் உக்கார வெப்பாங்க. யார்கிட்ட சொல்ல? மாமியார் வெச்சதுதான் சட்டம், இவரு அம்மா புள்ள.

ஒரு ஞாயித்துக்கெழம காலைல இவரு சாக்பீஸோட தெருவுல எறங்கிட்டாரு. பட்டறையில அப்படித்தானாம், மொதல்ல முழு அளவுக்குத் தரையில கோடு போட்டுப் பாத்துட்டுதான் தகடு வெட்டுவாங்களாம். எங்க வாசல்லருந்து பக்கத்து ஊட்டு முருங்க மரம் வரைக்கும் பஸ் நீண்டுச்சு. என் கோலத்து மேலயே டிரைவர் சீட்டு!

"இன்னாங்க, கோலத்த மிதிக்கிறீங்க?"

"நீ கெட. இஞ்சின் இங்கதான் வரும்."

பொண்ணுங்க ரெண்டும் கட்டில் கோட்டுக்குள்ள படுத்துப் பாத்துதுங்க. மாமியார் நாற்காலி போட்டு டிரைவருக்குப் பின்னால உக்காந்தாங்க. சாமி படத்துக்கு முன்பக்கம் எடம். அடுப்புக்கிட்ட என்னை நிக்க வெச்சு, திரும்பு, குனின்னு அளவெடுத்தாரு. தண்ணி புடிக்கப் போன பொம்பளைங்க கொடத்த எறக்கி வெச்சிட்டு வேடிக்கை பாத்தாங்க. எனக்கே கொஞ்சம் ஜாலியாத்தான் இருந்துச்சு.

மாமியார் சுத்தும் முத்தும் பாத்தாங்க. "ஏன்டா நைனா, இவ தூரமானா எங்க உக்காருவா?"

தெருவே கேட்டுச்சு. எனக்குக் காது சுட்டுப்போச்சு. இவரு நெத்தியச் சொறிஞ்சாரு. பின்னாடி ஒரு தடுப்பு போடலாம்னாரு. "அதுவும் உள்ளதானடா?"ன்னாங்க. மாசத்துக்குள்ள போயி வந்துடலாம்னாரு. "காசி, கயா, அப்புறம் ராமேஸ்வரம். மாசத்துல முடியுமா?"ன்னாங்க. கடைசியா, "மேல கேரியர்ல வேணா..."ன்னு இழுத்தாரு பாருங்க, எனக்கு எங்கருந்துதான் அந்தக் கோவம் வந்துச்சோ!

"கேரியர்ல மூட்டைய ஏத்துங்க. நான் வரல. அத்தையே பொங்கி எறக்கட்டும்"ன்னுட்டு வெளிய வந்துட்டேன். கோட்டுக் கதவு வழியாக்கூட வரல, சாக்பீஸ் சுவத்து மேலயே மிதிச்சுக்கினு வந்தேன்.

மாமியாருக்கு ரெண்டும் வேணும். காசிக்கும் போவணும், தீட்டும் படக் கூடாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. முட்டிவலிக்காரங்க, பயணம் முழுக்க அடுப்புக்கிட்ட நிக்க அவங்களால ஆவாது. அது அவங்களுக்கே தெரியும்.

மவன் பக்கம் திரும்பி, "டேய், இத்த வாங்கினா பால் காய்ச்சுவியா, சக்கரத்துல எலுமிச்சம்பழம் வெப்பியா?"ன்னாங்க.

"நம்பர் பிளேட்டு இருக்குதேம்மா. எலுமிச்சம்பழந்தான்."

"அப்ப இது வண்டி, ஊடு இல்ல. எல்லா பஸ்லயுந்தான் டிரைவர் தலைக்கு மேல சாமி படம் கீது. எந்தக் கண்டக்டரு பொம்பளையத் தூரமான்னு கேட்டு ஏத்துறான்? வண்டில இன்னா தீட்டு! இவளும் உள்ளயே படுக்கட்டும்."

கொடத்துக்காரிங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினாங்க. நான் திரும்பிப் போயி அடுப்புக் கோட்டுக்கிட்ட நின்னுக்கினேன். பேசினா கெட்டுடும்.

பஸ் வரல. சீட்டு தைக்கிற பாய் போயி தரைத்தகட்டத் தூக்கினாராம், கையோட வந்துடுச்சாம், அடியில பூரா துரு. "வேணாம் நைனா, காசிக்குப் போறதுக்குள்ள நாமளே ரோட்டுல வுழுந்துடுவோம்"ன்னுட்டாரு. இவரு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினாரு. ஓடுற வண்டியில பொங்குற வேலை தப்புச்சுடா சாமின்னு எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஆனா வண்டியே இல்லன்னா அத்தை சொன்ன அந்தப் பேச்சும் போச்சுல்ல?

அந்த மாசமும் நாளு வந்துச்சு. பாயச் சுருட்டிக்கினு பின்கதவத் தொறந்தேன். மாமியார் வெத்தல இடிச்சுக்கினு இருந்தாங்க.

"எங்க போற?"

"பின்னாடி, அத்தை."

இடிக்கிறத நிறுத்திட்டாங்க. என்னைப் பாக்கல. "சாமி படம் மாட்டுற வண்டில கூடவே படுத்துக்கினு வரட்டும்னு நடுத்தெருவுல நானே சொன்னேன். அதே சாமி, அதே நானு. இங்க மட்டும் வெளிய போன்னா, கேக்குறவ காறித் துப்ப மாட்டாளா? கதவ சாத்து. கொசு வருது."

அப்பாடா! கதவ சாத்திட்டு அது மேலயே சாஞ்சு நின்னேன்.

மழைக்காலத்துல மூத்தவ பெரியவளானா. நெமிலிச்சேரிலருந்து என் தம்பி, தாய்மாமன் மொறைக்கு வெளிய குச்சுக் குடிசை கட்ட, பச்சை ஓலையோட வந்தான். மாமியார் அவன வாசல்லயே நிறுத்தி, "ஓலைய அப்படி ஓரமாப் போடு. கொழந்த உள்ளதான் இருப்பா"ன்னாங்க. அவன் என்னைப் பாத்தான். நான் அடுப்பப் பாத்தேன்.

அன்னிக்குச் சரியான மழை. அவ உள்ரூம்ல என் தலகாணியில சாஞ்சு, தங்கச்சி கூட சண்டை போட்டுக்கினு கெடந்தா. உளுந்தங்களி கொண்டு போயி குடுத்தேன். குடுக்கும்போதே அழுதுட்டேன்.

"ஏம்மா அழுவுற? எனக்கு ஒண்ணும் வலிக்கல"ன்னா.

தகரத்துக்கு அடியில உக்காந்து அந்த மழையக் கேட்டா எப்படி இருக்கும்னு அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்.