மலையில போய் ஃபேனா?

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்வெட்டரைப் பையில் திணித்துக்கொண்டு, குமுளியிலிருந்து வண்டன்மேட்டுக்கு பஸ் ஏறினேன். அக்கா வீட்டுக்கு. ஐப்பசி மாசம்... மழையும் மூடுபனியுமாக வண்டன்மேடே வெடவெடக்க வேண்டிய நேரம். இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் வேர்த்து ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. என்ன கண்றாவி இது?

வாசலில் அத்தான் தெர்மாமீட்டரை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அவரும் மற்ற ஏலக்காய்த் தோட்டக்காரர்களும் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறார்கள். எந்தத் தோட்டத்தில் சூடு அதிகம் என்று தினமும் போட்டி!

“நம்ம வீடுதான் இன்னிக்கு ரெக்கார்டு” என்றார், பரீட்சையில் முதலாவதாக வந்த பையன் மாதிரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெந்து சாவதில் என்னங்க பெருமை?

உள்ளே அக்கா மகள் கவிதா. பிரசவத்துக்கு வந்தவள். கைக்குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. பால் குடிக்க மாட்டேன் என்று வீறிட்டு அழுகிறது. காலண்டர் அட்டையால் விசிறி விசிறி கவிதாவுக்குக் கையே ஓய்ந்துவிட்டது. தாயும் பிள்ளையும் தூங்கி எத்தனை நாளோ!

“ஒரு ஃபேன் இல்லையா?” என்றேன். அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் சுவரைப் பார்த்தார்.

மேட்டுக்காரர்கள் சங்கதி உங்களுக்குத் தெரியாது. மலைக்குக் கீழே கம்பத்திலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் “எங்களுக்கு ஃபேனே தேவையில்லை” என்று பீற்றிக்கொண்டே காலம் தள்ளியவர்கள். வீடு கட்டும்போது கூரையில் கொக்கிகூட வைப்பதில்லை. ஃபேன் வாங்கினால் மலை தோற்றுப்போன மாதிரி! அக்கா கேட்கும்போதெல்லாம், அடுத்த வாரம் குளிர் வந்துவிடும் என்றே தள்ளிப்போட்டிருக்கிறார் மனுஷன்.

கோபத்தோடு பின்பக்கம் போனால்... ஏலச்செடிகளுக்கு மேலே புத்தம்புதுப் பச்சை வலை. வெயில் படக்கூடாதாம்!

அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை. “செடி வாடுனா வலை கட்டத் தெரியுதுல்ல அத்தான்? பேத்தி வாடுறது கண்ணுக்குத் தெரியலையா?”

அவர், “மேட்டுல ஃபேன் மாட்டுனா ஊரே சிரிச்சிரும்மா” என்று முனகினார். அடக் கடவுளே!

மறுநாள் குமுளியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஹீட்டர் இருக்கிறது, கம்பளி இருக்கிறது, ஃபேன் இல்லை. கடைசியாக ஒரு கடையில் ஒரே ஒரு டேபிள் ஃபேன். கடைக்காரர் “மேட்டுக்கா?” என்று கேட்டு, நான் தலையாட்டியதும் அதைச் சாக்கில் போட்டுக் கட்டினார். எதற்கு என்று கேட்டேன். மேட்டுக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் வாங்கிப்போகிறார்களாம். பஸ்ஸில் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதாம்!

ஆக, ஊரில் ஒருத்தருக்கொருத்தர் பயந்து எல்லாரும் ஃபேனை ஒளித்து வைத்திருக்கிறார்கள். அத்தான் மட்டும்தான் சொன்ன சொல் தவறாத அசல் அரிச்சந்திரன்.

மதியம் கொண்டுபோய் வைத்தேன். காற்றுப் பட்டதும் பிள்ளை பால் குடித்தது. குடித்தபடியே தூங்கியது. பக்கத்திலேயே கவிதாவும் சாய்ந்துவிட்டாள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அத்தான் மெதுவாக வந்து ஃபேன் முன்னால் நின்றார். கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டார். பிறகு ஜன்னலுக்குப் போய் ரோட்டை எட்டிப் பார்த்தார்.

“கொஞ்சம் சத்தமில்லாம வையி. ஆளுக போறாக.”

வெயில் மலையேறியதைக் குரூப்பில் போடலாமாம். ஃபேன் மலையேறியதுதான் பரம ரகசியம்!