தொட்டுப் பார் டீச்சர்

எங்கள் வீட்டு அலாரம் கடிகாரத்தை ஒரு கிண்ணத்தில் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறார் பக்கத்து வீட்டு டீச்சர். முட்கள் தனியாக, சக்கரங்கள் தனியாக, மூடி தனியாக. "அவசரப்படாதீங்க சார். பிரிக்கிற பாடம்தான் முடிஞ்சிருக்கு. சேர்க்கிற பாடம் அடுத்த வாரம். அதுவரைக்கும் எதுவும் தொலையாம பார்த்துக்குங்க" என்கிறார், ஏதோ எனக்கு நல்ல செய்தி கொண்டுவந்ததுபோல. போகிற போக்கில் எங்கள் சமையலறைப் புனலையும் எடுத்துக்கொண்டு போகிறார்.

மூன்றாம் வகுப்பு அவருடையது. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'தொட்டுப் பார் டீச்சர்'. கரும்பலகையில் எழுதுவதைவிட மேசையில் எதையாவது கொட்டி, "தொட்டுப் பாருங்க, அப்புறம் பேசுவோம்" என்பதுதான் வழக்கம். நகக்கண்ணில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். பேசிக்கொண்டே அதை உரித்துக்கொண்டிருப்பார். கைப்பையைத் திறந்தால் காந்தம் இருக்கும், பூதக்கண்ணாடி இருக்கும், எந்தப் பிள்ளையுடையது என்று தெரியாத ஈரக் காலுறை ஒன்று இருக்கும். சொந்த வீட்டுச் சாவி மட்டும் இருக்காது. அதற்கு எங்கள் கதவைத்தான் தட்டுவார்.

பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும் நாள் வந்துவிட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. நீளக் கயிறு ஒன்றில் இடைவெளி விட்டு முடிச்சுகள். ஒரு முடிச்சுக்கு ஒரு பிள்ளை. முன்நுனி அவரிடம், வால் என்னிடம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. இந்தக் கயிற்றின் வாலாக நான் ரொட்டிக் கடை, சலவைக்கூடம், பஸ் பணிமனை எல்லாம் போய் வந்துவிட்டேன். காலமெல்லாம் பஸ்ஸில் போய் வந்தவன், அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிள்ளைகளை எதைச் செய்யச் சொன்னாலும் முதலில் தான் செய்துவிடுவார். ரொட்டிக் கடையில் முழங்கை வரை மாவுக்குள் விட்டார். பணிமனையில் கிரீஸைத் தொட்ட கையாலேயே மூக்கைச் சொறிந்துகொண்டு, கறுப்பு மீசையோடு பள்ளிக்கூடம் திரும்பினார். வழியில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை.

இப்பேர்ப்பட்டவருக்கு மண்புழு என்றால் உயிரே போய்விடும். மழை விட்டதும் வாசலில் ஒன்று நெளிந்தால் போதும், நாற்காலி மேல் ஏறி நின்று வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். மண்ணைப் பற்றிய பாடம் வந்தால் படத்தைக் காட்டி முடித்துவிடுவார். எங்கெங்கோ போகிற கயிறு நாற்றுப் பண்ணைப் பக்கம் மட்டும் திரும்பியதே இல்லை. காரணம் அவர் வீட்டுக்காரருக்கும் எனக்கும்தான் தெரியும்.

இந்த வருடம் பாதியில் ஒரு பெண் வகுப்பில் வந்து சேர்ந்தாள். பிசுபிசுப்பது, நெளிவது, ஈரமாக இருப்பது எதையும் தொடமாட்டாள். கதவைக்கூடக் கைக்குட்டையால்தான் திறப்பாள். அதனால் அவளுக்குக் 'கைக்குட்டை' என்றே பெயராகிவிட்டது. ரொட்டிக் கடையில் மாவைத் தொடாமல் நின்றவளைப் பார்த்து வகுப்பே சிரித்தது. அடுத்த பயணத்தன்று அவளுக்கு வயிற்றுவலி, அதற்கடுத்ததற்குக் காய்ச்சல். கடைசியில் அவள் அம்மா வந்து, வேறு பள்ளிக்கூடம் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டார். கயிறு என்றாலே பிள்ளை அழுகிறாளாம்.

அன்று சாயங்காலம் டீச்சர் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் சுவரருகே வந்து நின்றார். நகத்துப் பசை உரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. "தொட்டுப் பார், தொட்டுப் பார்னு நான்தான் சார் அவளைத் துரத்திட்டேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை அனுப்பும்படி அந்த அம்மாவிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கியிருந்தார். எங்கே போகிறோம் என்று கேட்டேன். நாற்றுப் பண்ணைக்கு என்றார். விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

பண்ணையில் அந்தப் பெண் கடைசி முடிச்சில், எனக்கு முன்னால் நின்றாள். முடிச்சைக்கூடக் கைக்குட்டை சுற்றித்தான் பிடித்திருந்தாள். தோட்டக்காரர் எருக்குழியை மண்வெட்டியால் ஒரு புரட்டுப் புரட்டினார். உள்ளே மண்புழுக்கள் கொத்துக் கொத்தாக நெளிந்தன. பிள்ளைகள் கயிற்றை விட்டுவிட்டுப் பாய்ந்தார்கள். அதில் ஒரு வாலு, "கைக்குட்டை தொடமாட்டா" என்று ராகம் போட, மற்றவர்களும் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"சிரிக்கிறவங்க என்னையும் சேர்த்துச் சிரிங்க" என்றார் டீச்சர். "எனக்கும் பயம்தான். வீட்ல மண்புழு வந்தா நாற்காலி மேல ஏறிடுவேன்."

ஒருவரும் நம்பவில்லை. மாவும் கிரீஸும் அள்ளிய டீச்சராயிற்றே. பொய் சொல்கிறார் என்று முடிவே கட்டிவிட்டார்கள். டீச்சர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்களை இறுக மூடிக்கொண்டு உள்ளங்கையை நீட்டினார். அது நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

"வைங்கண்ணே" என்றார் தோட்டக்காரரிடம்.

தோட்டக்காரர் புழுவை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு தயங்கினார். "கை இப்படி ஆடுதேம்மா. வெச்சா கீழ விழுந்துடுமே."

எனக்கு முன்னால் கயிறு தளர்ந்தது. அந்தப் பெண் குழியைச் சுற்றிக்கொண்டு போய் டீச்சர் பக்கத்தில் நின்றாள். கைக்குட்டையை எங்கே வைப்பது என்று ஒரு கணம் விழித்தாள். பிறகு அதைப் பல்லில் கடித்துக்கொண்டு, தன் இரண்டு கைகளையும் டீச்சரின் கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிப் பிடித்தாள்.