கோட்டைக்குக் கீழே ஓடிய ஆறு

அப்பா போன பிறகு, டயர் கடை மாடியில் இருந்த அந்த ஒற்றை அறையில் அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் படம் வரைந்தார்கள். ஆற்றங்கரைக் கோட்டைப் படம்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. கோட்டையும் மரங்களும் தம்பி கை. வானமும் ஆறும் அக்கா கை. தம்பிக்கு வானம் சுட்டுப்போட்டாலும் வராது. வெள்ளையடித்த சுவர் மாதிரி நிற்கும். ஆனால் மூலையில் கையெழுத்து மட்டும் எப்போதும் அவனுடையது. அது மட்டும் நன்றாக வரும், பாவிக்கு.

புதிதாகத் திறக்கவிருந்த ஒரு ஹோட்டலின் வரவேற்பறைக்குப் பெரிய படம் கேட்டு ஆள் வந்தபோது அக்கா பிரஷைக் கீழே வைத்துவிட்டாள்.

"என் பேரும் இல்லன்னா இனிமே நான் தொடமாட்டேன்டா."

"அட, இவ்வளவுதானா? ஆத்துல ஓரமா நீயே போட்டுக்கோக்கா," என்றான் தேனொழுக.

சந்தோஷத்தில் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வானத்தை முடித்துவிட்டு, வழக்கம்போல் கேன்வாஸைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, தண்ணீரில் தெரியும் கோட்டையை வரைந்தாள். மற்ற நேரமாக இருந்தால் தம்பி பின்னால் வந்து நின்று, மேலே இருக்கிற ஜன்னலுக்கு நேராகக் கீழே ஜன்னல் இல்லையே என்று உயிரை வாங்குவான். இந்த முறை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போதாவது நம்மேல் நம்பிக்கை வந்ததே என்று பூரித்துப்போனாள் அந்த அப்பாவி. படத்தை நிமிர்த்தி, தண்ணீரின் ஓரத்தில் முதல்முறையாகத் தன் பெயரை எழுதினாள்.

ஹோட்டல் திறப்பன்று இருப்பதில் நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு போனாள். சுவரில் கோட்டை இருந்தது, வானம் இருந்தது. கரையோரப் புல்லோடு படம் முடிந்திருந்தது. புல்லின் மேல் தம்பியின் கையெழுத்து.

படத்துக்குச் சட்டம் அடித்த தச்சர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஆறு எங்கண்ணே?"

"பின்னால மடிச்சு அடிச்சிருக்கும்மா. சுவத்துல இடம் அவ்வளவுதான். நீங்க வரைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே உங்க தம்பி அளவு குடுத்துட்டாரே."

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வானம் வேண்டும் என்பதற்காக ஆற்றைக் காட்டி ஏமாற்றியிருக்கிறான். ஊரான் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். இவன் கூடப் பிறந்தவன்.

தம்பியை ஓரமாக இழுத்தாள். "தெரிஞ்சேதான் எழுத விட்டியாடா?"

"வெட்டலையேக்கா. உன் பேரு உள்ள பத்திரமாத்தான் இருக்கு."

அதற்குள் ஹோட்டல் முதலாளி வந்து அவன் தோளைத் தட்டினார்.

"வானம் பிரமாதம் தம்பி. எப்படி வரைஞ்சீங்க?"

தம்பி அக்கா பக்கம் திரும்பவே இல்லை.

"எல்லாம் கைப்பழக்கம்தான் சார்," என்றான்.