மேம்பாலத்தில் பழுத்த பூவன்

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது என் வீட்டுக்காரர்தான். மாப்பிள்ளை வீட்டார் ஆவணியில் பெண் பார்க்க வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. பேசாமல் வாசல்வரை போய் வழியனுப்பியிருக்கலாம். இவர் சம்பந்தியைப் பின்பக்கம் அழைத்துக்கொண்டு போய், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்ற வாழையைக் காட்டினார்.

சம்பந்தி திருச்சிப் பக்கம், காவிரிக் கரையில் ஏக்கர் கணக்கில் வாழை போடுகிறவர். அவரிடம் போய், எங்கள் மேனாம்பேட்டு வீட்டில் சோப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்த ஒற்றை வாழையைக் காட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. அவர் மரியாதை தெரிந்த மனிதர். மரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். தண்டைத் தட்டிப் பார்த்தார்.

"பச்சைப் பசேல்னு இருக்குங்க. இலை அறுக்க ஆகும்" என்றார்.

என் வீட்டுக்காரரின் முகம் சுண்டிப்போயிற்று. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் காலமெல்லாம் பீரங்கி வண்டிகளுக்கு போல்ட் முடுக்கி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவர் பேச்சைக் கேட்டு நடந்த ஒரே ஜீவன் அந்த வாழைதான். அதைப் போய் இலைக்கு ஆகும் என்றால்?

"பூவன் சம்பந்தி இது. நிச்சயதார்த்தத் தட்டுல எங்க வீட்டுப் பழம்தான் இருக்கும், பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

அப்போது மரத்தில் பூவே இல்லை.

அவர் சொன்னது மரத்தின் காதில் விழுந்ததோ என்னவோ, அடுத்த வாரமே பூ தள்ளியது. அன்றிலிருந்து வீட்டில் கல்யாணப் பேச்சே இல்லை. புடவை எடுக்கக் கூப்பிட்டால், "தாருக்கு முட்டுக் கொடுக்கணும்" என்பார். பத்திரிகை மாதிரி பார்க்கச் சொன்னால், "சீப்பு விரியுது, வந்து பாரேன்" என்பார். மகள் ஒருநாள், "அப்பா, நிச்சயம் எனக்கா, வாழைக்கா?" என்று கேட்டேவிட்டாள்.

மார்கழியில் நல்ல காரியம் செய்ய முடியாது என்று கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் நிச்சயம் வைத்திருந்தோம். காய் இன்னும் முற்றவில்லை. விளிம்பெல்லாம் கத்தி முனையாக இருந்தது. அந்த நேரம் பார்த்துப் புயல் வருகிறது என்று டிவியில் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டில் ஓர் ஆட்டோ ஓட்டுநர். இந்த ஊர்க்காரர். மதில்மேல் கையை வைத்துக்கொண்டு அவர்தான் முடிவாகச் சொன்னார்.

"இன்னா அண்ணாத்தே பாத்துகினு கீற? காத்து ஒரு தள்ளு தள்ளிச்சுன்னா மரம் மல்லாந்துடும். வெட்டு, வெட்டு."

"இன்னும் முத்தலையேப்பா."

"பழுக்க வச்சா தன்னால பழுக்கும். நான் புட்ச்சிக்கிறேன், நீ வெட்டு."

வெட்டினார்கள். தாரைத் தோளில் சாய்த்துக்கொண்டு இவர் வந்த பவிசைப் பார்க்க வேண்டும். மகள் பிறந்தபோதுகூட ஆஸ்பத்திரியிலிருந்து அப்படித் தூக்கிக்கொண்டு வரவில்லை.

சித்திரையாக இருந்தால் சாக்கில் சுற்றி மூலையில் போட்டாலே பழுத்துவிடும். இது அடைமழை. வெயில் எட்டிப் பார்க்கவில்லை. தரையில் கால் வைத்தால் சில்லென்றது. சீப்புச் சீப்பாக அறுத்து அரிசி டிரம்முக்குள் வைத்தார். அசையவில்லை. வீட்டில் இருந்த ஒரே கம்பளியைப் போர்த்தினார். நான் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு படுத்தேன், வாழைக்காய் கம்பளிக்குள் சுகமாகத் தூங்கியது. காலையில் எழுந்ததும் பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பார். கல் மாதிரி இருக்கும். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பல் தேய்க்கப் போவார்.

"கடையில ஒரு சீப்பு வாங்கி வச்சா யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"சம்பந்திக்குத் தெரியும். காம்பைப் பார்த்தே எந்த ஊர்க் காய்னு சொல்லிடுவார். நாளைக்கு நம்ம பொண்ணு அந்த வீட்டுல வாழணும். அவ அப்பன் ஒரு சொல்லு சொன்னா சொன்னதுதான்னு அவங்களுக்குத் தெரியணும்ல?"

அதற்குப் பிறகு நான் கேலி செய்வதைக் குறைத்துக்கொண்டேன். முழுவதும் நிறுத்தவில்லை.

கார் யோசனையும் ஆட்டோக்காரருடையதுதான். "ஊடு ஐஸ் பொட்டி மாதிரி கீது. கார் டிக்கில போட்டு மூடு அண்ணாத்தே, சூடு நிக்கும்" என்றார். அத்தோடு விட்டிருந்தால் தேவலை. இவர் தன் பங்குக்குப் பூஜை அறையிலிருந்த தூபக்காலை எடுத்துக்கொண்டு போனார். அதில் தேங்காய் நாரைக் கொளுத்திப் புகைய விட்டு, சுற்றிலும் மல்லிகை வாசனை ஊதுபத்தி ஒரு கட்டைச் செருகி, டிக்கிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். மூட்டம் போட்டுப் பழுக்க வைக்கிறாராம். எங்கள் கார் சின்னது. டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் ஒரு பலகை மட்டும்தான்.

மூட்டம் போட்டுக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, தெரு வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. ஏரி நிரம்பிவிட்டது, தண்ணீர் தெருவுக்குள் வருகிறது, கார் வைத்திருப்பவர்கள் பாடி மேம்பாலத்துக்குக் கொண்டு போய்விடுங்கள். மழைக்காலத்தில் இங்கே அது வழக்கம்தான்.

"அந்த நெருப்பை முதல்ல வெளிய எடுங்க" என்றேன்.

"மூட்டத்தைப் பாதியில கலைச்சா காய் வெம்பிடும்" என்றார்.

தனியாக விட்டால் என்ன செய்வாரோ என்று நானும் ஏறிக்கொண்டேன். கொட்டுகிற மழையில் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, கண்ணில் நீர் வழிய, தெப்பமாக நனைந்துகொண்டு போனோம். வழியில் பார்த்தவர்கள் எங்கள் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசையாக நின்றன. எங்களுடையதையும் நிறுத்தி இறங்கினோம். டிக்கி இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. "வண்டி எரியுது!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் ஓடியது. லாரிக்காரர் ஒருவர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். என் வீட்டுக்காரர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு டிக்கியை மறித்து நின்றார்.

"ஊத்தாதீங்க! சூடு போயிடும்!"

பணியில் இருந்த கான்ஸ்டபிள் வந்துவிட்டார். "தொற சார். உள்ள இன்னா கீது?"

திறந்தார். புகைக்கு நடுவில் மாலை ஒன்றுதான் குறை. மற்ற எல்லா மரியாதையோடும் வாழைக்காய் படுத்திருந்தது.

கான்ஸ்டபிள் வெகுநேரம் பார்த்தார். "வாழைக்காய்க்கு இன்னாத்துக்கு சார் ஊதுபத்தி? செத்துப் பூடுச்சா?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவர் சிரிக்கவில்லை. நிச்சயதார்த்தம், சம்பந்தி, இலை அறுக்க ஆகும் என்று சொன்னது, எல்லாவற்றையும் மழையில் நின்றபடியே கான்ஸ்டபிளிடம் ஒப்பித்தார். கேட்டு முடித்த கான்ஸ்டபிள், தூபக்காலை எடுத்து மழையில் கவிழ்த்தார். "நெருப்பு கூடாது சார். காய் இருக்கட்டும். நான் பாத்துக்கிறேன்" என்றார்.

புயல் கடந்து போனது. எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர் இருந்ததால் கார் பாலத்திலேயே கிடந்தது. பிறகு, கழுவிவிட்ட மாதிரி வெயில் அடித்தது. பாலத்தின்மேல் ஏது நிழல்? மூடிக் கிடந்த கார் அடுப்பாகிவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு முதல்நாள் ஆட்டோக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். நாங்கள் இறங்குவதற்குள் கான்ஸ்டபிள் கையாட்டினார்.

"சார், காலைலேர்ந்து வாசனை தாங்கல!"

அத்தனையும் மஞ்சள். இவர் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சந்தோஷம் தலைக்கேறி, கான்ஸ்டபிளுக்கு, லாரிக்காரருக்கு, பாலத்தில் கார் நிறுத்தியவர்களுக்கு என்று அள்ளி அள்ளிக் கொடுத்தார். நான் மேலே விழுந்து பிடுங்கியிராவிட்டால் தட்டில் வைக்க இருந்த இரண்டு சீப்பும் மிஞ்சியிருக்காது.

மறுநாள் சம்பந்தி தட்டிலிருந்த சீப்பைத் திருப்பிக் காம்பைப் பார்த்தார். ஒன்றைப் பிய்த்து உரித்துச் சாப்பிட்டார்.

"இளங்காயா வெட்டியிருக்கீங்க."

"புயலுங்க" என்றார் இவர், தொண்டைக்குள்.

"தெரியுதுங்க. ஆனா நல்லாப் பழுத்திருக்கு. மல்லிகைப்பூ மாதிரி ஒரு வாசனை வருதே? எங்க தோட்டத்துப் பழத்துக்கு இந்த வாசனை இல்லைங்க."

"மண்ணு வாகுங்க" என்றார் என் வீட்டுக்காரர், கூசாமல். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது சம்பந்தி, "பக்கக்கன்னு இருந்தா ஒண்ணு குடுங்க. எங்க கொல்லையில வைக்கிறேன். மருமக வரும்போது அவ வீட்டு மரம் ஒண்ணு அங்க நிக்கட்டும்" என்றார்.

மூன்று மாதமாக வாய் ஓயாமல் பேசிய மனிதர், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையோடு பின்பக்கம் போனார். புயலில் மரம் சாய்ந்திருந்தது. அதன் அடியில் நின்ற கன்றுகளில் நல்லதாக ஒன்றைத் தோண்டி, ஈரச்சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். மகள் வாசற்படியில் நின்றிருந்தாள்.

"புது எடத்துல கொஞ்ச நாளைக்கு வாடினாப்ல இருக்கும்" என்றார் சம்பந்தியிடம். கண் கன்றின்மேல் இல்லை. "அதட்டாம, தண்ணி மட்டும் ஊத்துங்க. வேர் பிடிச்சுட்டா அப்புறம் அதுவே பாத்துக்கும்."

வாழைக்கன்றை யார் அதட்டுவார்கள்? ஏக்கர் கணக்கில் வாழை போடுகிற மனிதர், அதையெல்லாம் முதல்முறையாகக் கேட்பவர்போல் தலையை ஆட்டிக் கேட்டார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கன்றை வாங்கிக்கொண்டார்.

"சரிங்க சம்பந்தி. ஒரு சொல்லு சொல்ல மாட்டோம்."