மகளுக்குச் செல் காட்டிச் சோறூட்டிய வருஷங்கள்

போன வாரம் பாகூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு இளம்பெண் தன் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டு வந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்ததுமே நெய் விட்ட பருப்புச் சாதத்தின் வாசனை மூக்கில் ஏறியது. பிள்ளையின் கண் செல்லில். வாய் தானாகத் திறந்து மூடியது. ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தேன். எனக்கு என்ன யோக்கியதை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இத்தனைக்கும் நான் பால்வாடி டீச்சர். தாய்மார்களைக் கூட்டி உட்காரவைத்து, பிள்ளைகளுக்குச் செல் கொடுக்காதீர்கள் என்று சொல்வதும் என் வேலையில் சேர்த்திதான்.

என் மகள் கயலுக்கு மூன்று வயது வரை கதை இல்லாமல் சோறு இறங்காது. மணப்பட்டுக் கடலில் இருக்கிற மீனெல்லாம் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்து போயிருக்கின்றன. ஒவ்வொரு வாய்க்கும் "அப்பறம் இன்னா ஆச்சி?" என்பாள். கால் கிண்ணம் சாதத்துக்கு ஒரு மணி நேரம். என் வீட்டுக்காரர் மீன்வண்டி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியூர். ஒரு சாயங்காலம் அலுப்புத் தாங்காமல் செல்லைச் சொம்பில் சாய்த்துவைத்து ஏதோ குழந்தைகள் வீடியோவைப் போட்டேன். பத்தே நிமிஷம், தட்டு காலி. வீட்டு வேலைக்கு ஆள் கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவீர்களா?

அப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

ஒருநாள் பால்வாடியில் தாய்மார் கூட்டம். பள்ளிக்கூடம் லீவு என்று கயலையும் கூட்டிப்போயிருந்தேன். "சோறூட்டும்போது செல்லத் தொடவே கூடாது" என்று நான் ஆரம்பித்ததும் மூலையிலிருந்து குரல் வந்தது.

"யம்மா, அப்ப நம்ம வூட்ல மட்டும் குடுக்கலாமா?"

கூட்டமே சிரித்தது. "இன்னா டீச்சர், மாட்டிக்கினீங்களா?" என்றாள் ஒருத்தி. நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது அழுகை வந்தது.

அன்றைக்கே செல்லை பீரோ மேல் ஏற்றினேன். தட்டு பறந்தது, சுவரெல்லாம் பருப்பு. மூன்று நாள் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் செல்லும் கையுமாக இருந்த என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ மட்டும் பாக்கற இல்ல?" என்றாள்.

"ஆபீஸ் வேலடி" என்றேன். ஆபீஸ் வேலை முடிந்த பிறகும் என்னென்னமோ பார்ப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆறு மணியானால் எங்கள் இரண்டு பேர் செல்லும் பீரோவுக்குள் என்று ஆனது. வீட்டுக்காரர் ஒரு வாரம் முணுமுணுத்தார். பிறகு அவரும் பழகிக்கொண்டார்.

கயலின் அழுகை ஓய்ந்ததும் ஆசையாகப் பழைய மீன் கதையை எடுத்தேன். இரண்டு வாய் வரை கேட்டாள். "சீக்கிரம் முடிம்மா" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்து, தானே பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஆறு வயதாகிவிட்டது அவளுக்கு. கதை கேட்டுச் சாப்பிடுகிற பருவம் முடிந்துபோயிருந்தது.

இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். நான் சொல்லாமலே செல்லை உள்ளே வைத்துவிடுகிற பெண். குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தலை துவட்டிக்கொண்டே கேட்டாள், "நாலு வயசுல, அஞ்சு வயசுல நான் இன்னாம்மா பேசுவேன்?"

யோசித்தேன். அந்த வீடியோவில் வருகிற பாட்டு வரி வரியாக ஞாபகம் வந்தது. நடுவில் வாத்து கத்துவதுகூடக் காதில் கேட்டது.

"நல்லாத்தான் பேசுவ" என்றேன்.

"எதுனா ஒண்ணு சொல்லும்மா" என்று துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

எனக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.